உறைபனியும் பனைக்குருத்தும்

தென்சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. உதகமண்டலம் அதற்கும் தெற்கே, 11.4 பாகையில் உள்ளது. வெறும் நிலப்படத்தை மட்டும் பார்ப்பவர், உதகைக்கே வெம்மை மிகுதி என முடிவு செய்வார். ஆனால் மார்கழி விடியலில் உதகையின் புல்வெளிகள் வெள்ளைப் படலம் பூத்துக் கிடக்கின்றன. அதே விடியலில் கோவிலம்பாக்கத்தில் ஒரு மெல்லிய போர்வையே போதும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உயரம். காற்று மேலேறும்போது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. உதகையின் உயரம் ஏறத்தாழ 2240 மீட்டர். கணக்கிட்டால் பதினான்கரை பாகை குறைய வேண்டும். சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டியது. உதகையின் சராசரியோ 14 பாகையை ஒட்டியது. கணக்கும் களமும் இவ்வளவு நெருங்கிப் பொருந்துவது இயற்கையில் அரிது.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே நிற்கும் ஒரு கேள்வியே இக்கட்டுரையின் பொருள். வெப்பநிலத்தின் அடையாளமாகவே நாம் கருதும் பனையினம், உறைபனி விழும் நிலத்தில் வாழுமா? வாழும். சில வகைகள் செழித்தே வாழும். எவை வாழும், எவை மடியும் என்பதை அறிய வேண்டுமானால், பனையின் உடலமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2600 இனங்கள் உள்ளன. நம் பனையும் தென்னையும் கமுகும் ஈச்சையும் கூந்தற்பனையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. வேம்பும் மாவும் வளரும் முறை வேறு; இவை வளரும் முறை வேறு. வேம்பின் பட்டைக்கு அடியில் உயிருள்ள வளர்திசு வளையம் ஒன்று உண்டு. அது ஆண்டுதோறும் உள்ளே மரத்தையும் வெளியே பட்டையையும் ஆக்குகிறது. காயம் பட்டால் அதை மூடுகிறது. கிளை முறிந்தால் வேறொரு மொட்டிலிருந்து தளிர்க்கிறது. பனையினத்துக்கு அவ்வளையம் இல்லை. அதன் தண்டு உயர்வதற்கு முன்பே அகலத்தை ஏறத்தாழ முடித்துக்கொள்கிறது. நீரும் உணவும் செல்லும் குழாய்கள் தண்டெங்கும் சிதறிய நார்க்கற்றைகளாக ஓடுகின்றன. மரம் இளமையில் உருவாக்கிய அதே குழாய்கள்தாம் அதன் முதுமை வரை பணி செய்ய வேண்டும். பழையவற்றுக்கு மாற்றாகப் புதியவை தோன்றுவதில்லை. ஒற்றைத் தண்டுப் பனைகளில் வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: உச்சியில், இலைமடல்களின் நடுவே பொதிந்திருக்கும் குருத்து. அது அழிந்தால் மரம் அழிந்தது. மாற்று மொட்டு இல்லை.

ஆகவே, குளிரைத் தாங்கும் பனை என்று நாம் ஒன்றைச் சொல்லும்போது, மூன்று உறுப்புகளைப் பற்றித் தனித்தனியே பேசுகிறோம். இலை கருகலாம், அது இழப்பே, ஆனால் இறப்பு ஆகாது. தண்டின் நீர்க்குழாய்களில் நீர் உறைந்து உருகும்போது காற்றுக்குமிழ் அடைத்துக்கொள்ளலாம். அடைபட்ட குழாய்க்கு மாற்று இல்லாததால், அத்தீங்கு பல மாதங்களுக்குப் பிறகே தன்னைக் காட்டும். குருத்து உறைந்தால் எல்லாம் முடிந்தது. அனுபவம் மிக்க தோட்டக்காரர்கள், பனி கழிந்தபின் கருகிய இலைகளைக் கண்டு கலங்குவதில்லை. நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கிறார்கள். அது உறுதியாக நின்றால் மரம் பிழைத்தது. உருவிக்கொண்டு கையோடு வந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது.

குளிர் உயிரணுவை எப்படிக் கொல்கிறது என்பதும் அறியத்தக்கது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும்போது, முதலில் உறைவது உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளியில் உள்ள நீர். ஏனெனில் அந்நீரில் கரைந்துள்ள பொருள் குறைவு. அங்கே தோன்றிய பனிப்படிகம் உயிரணுவுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சி இழுக்கிறது. உயிரணு வறட்சியில் சுருங்குவது போலச் சுருங்குகிறது. அதன் மென்படலம் கிழிகிறது. இதனால்தான், வறட்சியைத் தாங்கும் வலிமைக்கும் உறைபனியைத் தாங்கும் வலிமைக்கும் பல தாவரங்களில் தொடர்பு காணப்படுகிறது. குளிர் நிலத் தாவரங்கள் இலையுதிர் பருவத்திலேயே உயிரணுச் சாற்றில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன. மென்படலக் கொழுப்பின் தன்மையையும் மாற்றி, குளிரில் விறைக்காமல் காத்துக்கொள்கின்றன. தென்னைக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. உறைநிலை வேண்டாம், 10 பாகையை நெருங்கும்போதே அது தளர்கிறது.

உதகையில் உறைபனி விழுவது ஒரு தனி இயற்பியல். பகலில் வெயில் நன்றாகவே காயும். முகிலற்ற தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றுப் படலம் குளிர்ந்து கனத்து, நீர் போலவே பள்ளம் நோக்கி வழிகிறது. காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் உறைபனி கடுமையாக இருப்பதும், சில நூறு அடி மேலே சரிவில் நிற்கும் செடி தப்புவதும் இதனால்தான். நிலமட்டத்தில் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது, இரண்டாள் உயரத்தில் சில பாகை கூடுதலாக இருக்கும். பனை வளர்ப்போருக்கு இது பெரிய செய்தி. இளங்கன்றின் குருத்து மிகக் குளிர்ந்த காற்றில் அமிழ்ந்து கிடக்கிறது. வளர்ந்த மரத்தின் குருத்து அதற்கு மேலே, மிதமான காற்றில் நிற்கிறது. முதற்சில ஆண்டுகள் காப்பாற்றிவிட்டால், பிறகு மரம் தன் உயரத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும்.

உதகை அரசு தாவரவியல் பூங்காவின் பணியாளர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். பனிக்காலம் தொடங்கும்போது, கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளை வெட்டிவந்து மென்மையான செடிகளின்மேல் மூடுகிறார்கள். அம்மூடல் செடிக்கும் திறந்த வானுக்கும் இடையே நின்று, நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. புல்வெளிகளில் நீர் தெளிப்பதும் உண்டு. நீர் உறையும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை, அது படிந்த இலையின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவதில்லை. விலையில்லாத கிளைகளும் சாதாரண நீரும் கொண்டு செய்யும் இக்காப்பு, எந்தக் கண்ணாடிக் கூடத்துக்கும் குறைந்ததில்லை.

குளிர்நிலப் பனைகளில் உலகப்புகழ் பெற்றது சீனத்து நார்ப்பனை. தாவரவியலார் இதை டிராக்கிகார்பசு ஃபார்ச்சூனி என்பர். இப்பெயரில் உள்ள இராபர்ட்டு ஃபார்ச்சூன், சீனத்துத் தேயிலைச் செடிகளைக் கிழக்கிந்தியக் குழுமத்துக்காக இமயமலைச் சாரலுக்குக் கொணர்ந்தவர். அவரே 1849ஆம் ஆண்டு சூசான் தீவுகளிலிருந்து இப்பனையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். விக்டோரியா அரசியின் ஆசுபோர்ன் மாளிகைத் தோட்டத்தில் 1851இல் ஒன்று நடப்பட்டது. வளர்ந்த மரம், குறுகிய நேரத்துக்கு உறைநிலைக்குக் கீழே 15 பாகை வரை தாங்குகிறது. அதன் தண்டைச் சுற்றிலும் இலையடி நார்கள் அடர்ந்த கம்பளி போலச் சுற்றியிருக்கின்றன. சீனத்து உழவர்கள் அந்நாரால் மழையங்கி தைத்துப் போட்டுக்கொண்டார்கள். மரத்துக்கும் அதுவே மேலாடை.

ஆனால் இதே பேரினத்தின் உறவுகள் இந்திய மண்ணிலேயே இருப்பதை நம்மில் பலர் அறிந்திலர். குமாவூன் மலைகளில், 2000 மீட்டருக்கு மேல், பனிப்பொழிவு காணும் காடுகளில் டாக்கில் பனை நிற்கிறது. இத்தாலியத் தாவரவியலார் பெக்காரி 1905இல் அதற்குப் பெயரிட்டார். மேகாலயாவின் காசி மலைகளில் மற்றொன்று உண்டு. டார்சிலிங், கலிம்போங் பகுதியிலுள்ள அகன்ற இலைப்பிளவு கொண்ட வகை, 1997இல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. மனிதர் நாள்தோறும் கண்டுவந்த ஒரு மரம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அறிவியலின் பெயர்ப்பட்டியலில் ஏறாமல் இருந்தது வருந்தத்தக்கது. இம்மரங்களின் வாழிடங்கள் சுருங்கிவருகின்றன. நம் மலைப் பூங்காக்கள் இவற்றை வளர்த்துக் காத்தால், அது அழகுக்கும் அப்பாற்பட்ட தொண்டு ஆகும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. உதகையை ஐரோப்பியக் குளிர்நிலத்தோடு ஒன்றாகக் கருதுவது பெரும்பிழை. இங்கிலாந்தில் கோடையும் குளிர்காலமும் இரு வேறு உலகங்கள். கோடைப் பகல் பதினாறு மணிநேரம் நீள்கிறது, குளிர்காலப் பகல் எட்டு மணிநேரமாகச் சுருங்குகிறது. உதகையில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாக உள்ளது. மாதத்துக்கு மாதம் வெப்பநிலை சிறிதே மாறுகிறது. பெரிய மாற்றம் பகலுக்கும் இரவுக்கும் இடையில்தான். சனவரியில் ஒரே நாளில் 20 பாகை ஏறி இறங்குவதும் உண்டு. இத்தகைய நிலத்துக்கு ஒப்பான நிலங்கள் ஆந்தீசு மலைத்தொடரிலும், கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலும், இலங்கையின் நுவரெலியாவிலும் உள்ளன.

இதற்குச் சான்று உதகையின் வரலாற்றிலேயே இருக்கிறது. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர், 1848இல் வந்து உதகைப் பூங்காவை உருவாக்கினார். ஐரோப்பிய மலர்களும் மரங்களும் அவர் கையால் ஏராளமாக வந்தன. ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது சிங்கோனா. கிளெமன்ட்சு மார்க்கம் தலைமையேற்ற முயற்சியில் 1860இல் ஆந்தீசு மலைகளிலிருந்து சேர்க்கப்பட்ட சிங்கோனாவை, மெக்கைவர் தொட்டபெட்டாச் சரிவிலும் நடுவட்டத்திலும் வேரூன்றச் செய்தார். பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் பட்டை வளரச் செய்யும் முறையையும் அவர் வகுத்தார். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா அப்பட்டையிலிருந்தே வந்தது. இலங்கையின் ஹக்கலைப் பூங்காவும் 1861இல் சிங்கோனாவுக்காகவே தோன்றியது. வெப்ப மண்டல மலையில் பிறந்த செடி, கடல் கடந்தும் இன்னொரு வெப்ப மண்டல மலையைத் தன் வீடாகக் கண்டது.

பனையிலும் இதே நெறி பொருந்தும் என்பது என் துணிபு. கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப்பனை, உலகப் பனைகளிலேயே மிக உயரமானது. 60 மீட்டரை எட்டக்கூடியது. அது நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆந்தீசு மலைகளில், 2000 முதல் 3000 மீட்டர் வரையிலான முகில் தவழும் சரிவுகளில் வாழ்கிறது. அதற்குக் கடுங்குளிர்காலமும் வேண்டாம், கொதிக்கும் கோடையும் ஆகாது. உதகை, கொடைக்கானல், குன்னூர் ஆகியவற்றின் பூங்காக்கள் முறையாக ஆய்ந்து பார்க்கத் தகுந்த மரம் இது. மிக மெதுவாக வளரும். நடுபவரின் பேரக்குழந்தைகளே அதன் முழு உயரத்தைக் காண்பார்கள். பொதுப் பூங்காக்கள் இருப்பது அத்தகைய மரங்களுக்காகத்தான்.

முறையாக ஆய்ந்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலிமை மிக்க அயல்தாவரத்தை வரவேற்பதன் விலையை நீலகிரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1843இல் வந்த கற்பூர மரமும், ஆசுத்திரேலியாவிலிருந்தே வந்த சீகை மரமும் விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் எனப் பரப்பப்பட்டன. சீகை மரம் சோலைகளுக்கு இடைப்பட்ட புல்வெளிகளை விழுங்கியது. ஐரோப்பாவிலிருந்து அழகுக்காக வந்த மஞ்சட்பூப் புதர்களும் அவ்வாறே பரவின. அப்புல்வெளிகளே மழைநீரைப் பிடித்து ஊற்றுகளாக விடுபவை. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

பனை அவ்வாறு பரவாது என எவரும் எண்ண வேண்டாம். சுவிட்சர்லாந்தின் தென்பகுதியான டிச்சீனோவில் சீனத்து நார்ப்பனை அழகு மரமாக நடப்பட்டது. பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைக் காட்டில் எச்சமிட்டன. குளிர்காலங்கள் மென்மையாக மென்மையாக, காட்டின் அடித்தளமெங்கும் பனங்கன்றுகள் நிறைந்தன. 2024 செப்டம்பர் முதல் அந்நாடு அதன் விற்பனைக்கே தடை விதித்துவிட்டது. நம் பனையைப் போலவே நார்ப்பனையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆகவே மலைத்தோட்டத்தில் அதை வளர்ப்பவர் பெண் மரத்தின் பூங்குலைகளைக் காய்க்குமுன் வெட்டிவிட வேண்டும். சிறிய வேலைதான், விட்டுவிட்டால் காடு கேட்கும் விலை பெரிது.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. தெற்காசியாவில் பிறந்த சிவப்புக் கூன்வண்டு நம் தென்னைகளுக்குப் பழைய பகை. மரங்களை வேரோடு பெயர்த்து நாட்டுக்கு நாடு அனுப்பும் வணிகத்தோடு அது 1980களில் வளைகுடா நாடுகளுக்கும், 1990களில் எகிப்துக்கும் எசுப்பானியத்துக்கும் சென்று, நடுநிலக்கடற்கரையின் கானரி ஈச்சைகளை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது. அயல்நாட்டு விதையோ கன்றோ கொணர விரும்புவோர், இந்தியத் தாவர நோய்த்தடுப்புச் சட்டமுறைகளின்படி இறக்குமதி ஒப்புதலும் நலச்சான்றும் பெற்றே கொணர வேண்டும். பையில் ஒளித்துக் கொணரும் ஒரு விதை, ஒரு மாவட்டத்தின் தென்னையை அழிக்கப் போதுமானது.

மலைத்தோட்டத்தில் பனை நடுவோருக்கு, மேற்சொன்ன அறிவியலிலிருந்தே நடைமுறை பிறக்கிறது. பள்ளத்தில் நடாதீர்கள்; குளிர்காற்று வழிந்து செல்ல இடமுள்ள சரிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விடும் கற்சுவர் ஒன்று அருகில் இருந்தால் நன்று. வடிகால் முதன்மையானது. குளிரைக் காட்டிலும், குளிரும் ஈரமும் சேர்ந்ததே குருத்தைக் கொல்கிறது. சேதமுற்ற திசுவில் பூசணம் புகுந்து அதை அழுகச் செய்கிறது. கோதாவரிப் பகுதிப் பனைகளைத் தாக்கிய குருத்தழுகலை ஆய்ந்த பட்லர் என்னும் அறிஞர், அதற்குக் காரணமான பூசணத்துக்கு 1907இல் பெயரிட்டார். அதே பூசணம் இன்றும் நம் தென்னைகளை அழுகச் செய்கிறது. அழுகிய பகுதியை நன்றாக வழித்தெடுத்துப் போர்டோப் பசை தடவுவது தென்னை உழவர்கள் அறிந்த முறை. மலைப்பனைக்கும் அதுவே மருத்துவம். உறைபனி எதிர்பார்க்கும் நாளின் பகலில் வேர்ப்பகுதிக்கு நீர் விடுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமிக்கிறது. குருத்தின்மேல் மட்டும் நீர் தேங்க விடாதீர்கள். இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டிச் சாக்கால் மூடி, வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள். பச்சை இலைகளை அழகுக்காகக் கழிப்பது கூடாது. பனையினம் தன் சாம்பல்சத்தை மூத்த இலைகளில்தான் சேமித்து வைக்கிறது.

அயல்தோற்றம் வேண்டும் என்பதற்காகக் கடல் கடக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீலகிரிச் சோலைகளின் மரப்பெரணிகள் தொன்மைக் காலத்துக் காட்டையே கண்முன் நிறுத்துபவை. செந்நிறப் பூக்கள் பூக்கும் காட்டுப்பூவரசு, இமயமலை இனத்தின் தென்கோடி உறவு; உறைபனிக்கு அஞ்சாதது. மேற்குத்தொடர்ச்சி மலைச்சரிவுகளில் வளரும் மலையீச்சை, புல்வெளித் தீயில் கருகினாலும் மீண்டும் துளிர்க்கிறது. அதன் இலையால் பழங்குடி மக்கள் துடைப்பம் கட்டுகிறார்கள். பூங்கா அமைப்போர் இதை ஏழை மரம் எனத் தள்ளிவிட்டது நியாயமன்று.

இனி, கோவிலம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்களுக்கு வருவோம். உதகை மலர்க்காட்சிக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள், அங்கிருந்து செடிகளை வாங்கி வருகின்றன. வைகாசிக்குள் அவை மடிகின்றன. நீர் குறைந்துவிட்டது என்று வருந்தி மேலும் நீர் ஊற்றுகிறார்கள். உண்மையில் அச்செடியைக் கொன்றது பகல் வெயிலைவிட இரவு வெப்பம். தாவரம் பகலில் உணவு ஆக்குகிறது. இரவில் மூச்சுவிடுவதில் அவ்வுணவின் ஒரு பங்கைச் செலவிடுகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அச்செலவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. உதகையின் மே மாத இரவு 12 பாகை என்றால், கோவிலம்பாக்கத்தின் இரவு 28 பாகை. செலவு மூன்று மடங்கு. மலைச்செடி நாள்தோறும் வரவை மீறிச் செலவழித்து, சேமிப்புத் தீர்ந்ததும் இறக்கிறது. நிழல்வலையும் நீரும் அதைக் காக்கா. மெழுகுப்பனையைச் சென்னையில் நட்டாலும் இதே முடிவுதான்.

கீழ்க்கட்டளையிலிருந்து நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நீர் இறங்கும் இந்நிலத்தில், வன்மை என்பதன் பொருள் வேறு: நான்கு மாத வெயில், அதன்பின் தேங்கும் மழைநீர், அதன்பின் புயல். இம்மூன்றையும் தாங்குவது பனை. அது முளைக்கும் விதமே வியப்புக்குரியது. கொட்டையிலிருந்து புறப்படும் முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் ஆழச் செல்கிறது. நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அவ்வாறு ஆழத்தில் சேமித்த உணவே. குருத்தும் அங்கேயே, வெயிலும் தீயும் ஆடுமாடும் எட்டாத ஆழத்தில் பல ஆண்டுகள் இருந்து வலுப்பெறுகிறது. நார்ப்பனை தன் குருத்தை நாரால் போர்த்திக் காக்கிறது. நம் பனை மண்ணால் போர்த்திக் காக்கிறது.

ஆகவே கோவிலம்பாக்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைச்செடிகளை மலையிலேயே கண்டு மகிழுங்கள். ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் பனங்கொட்டைகளை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, ஏரிக்கரையிலோ வேலியோரத்திலோ நேரடியாக ஊன்றுங்கள். பையில் முளைக்கவைத்துப் பிறகு பெயர்த்து நட முயலாதீர்கள். ஆழச் சென்ற அந்த முளை அறுபட்டால் பனங்கன்று பிழைப்பது அரிது.